துண்டுக்குள்ள பேசின விலை

தை பிறந்தும் கேத்தியில குளிர் விடல. காலையில தோட்டத்துக்கு இறங்கினா புல்லு மேல உப்பைக் கொட்டி வச்ச மாதிரி உறைபனி. போன புதன்கிழமை கேரட் பிடுங்க ஆறு பேர் வந்திருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே தலையில டார்ச் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சாத்தான் பாலாடாவுல கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துல ஏத்தி விட முடியும். பாதி வேலை முடிஞ்சு, வெயில் பட்டதும் வரப்புல டீ குடிக்க உக்காந்தோம்.

இருபது வருஷமா எங்க தோட்டத்துக்கு வர்ற அக்கா ஒருத்தங்க மடியில இருந்து புது போனை எடுத்தாங்க. திருப்பூர்ல வேலை பாக்கிற மக வாங்கி அனுப்பினது. யாரோ சொல்லி, ராசிபலன் பாக்கிற ஆப் ஒண்ணு இறக்கி இருக்காங்க.

"தம்பி, இது ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கு. ஆமான்னு அமுக்கட்டுமா?"

எட்டிப் பார்த்தேன். போன்ல இருக்கிற தொடர்பு எண்களை எல்லாம் பார்க்க அனுமதிக்கிறீங்களான்னு கேக்குது. கீழே 'அனுமதி', 'அனுமதிக்க வேண்டாம்'. அவங்க விரல் அனுமதி மேல போயிடுச்சு. நான் சட்டுனு போனைப் பிடுங்கிட்டேன்.

"என்ன தம்பி, அமுக்கினா வெடிச்சிடுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள படபடன்னு இருந்தது. ஏன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். இதை எழுதலாமான்னு முதல்ல என் தம்பிகிட்ட கேட்டேன். சித்தப்பா பையன், எனக்கு எட்டு வயசு இளையவன். "என் பேரைப் போடாதண்ணா, மத்ததை எழுது. நாலு பேருக்கு உதவட்டும்"னான்.

2020-ம் வருஷம். கொரோனா ஊரடங்கு. லாரி ஒழுங்கா ஓடல, கீழே ஓட்டல் இல்ல, கல்யாணம் இல்ல, காய்க்கு விலையும் இல்ல. பிடுங்கினா கூலிக்குக் கட்டாது, விட்டா மண்ணுலயே வெடிச்சுப் போகும். தம்பி அரை ஏக்கர்ல கேரட் போட்டிருந்தான். கூலிக்காரங்களுக்குப் பாக்கி. என்கிட்ட கேட்டிருக்கலாம். ஆனா அதுக்கு முந்தின மாசம்தான் விதைக்குப் பணம் வாங்கி இருந்தான், திரும்பக் கேக்க அவனுக்குக் கூச்சம். போன்ல ஒரு விளம்பரம் வந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல கடன், கையெழுத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம். ஆப்பை இறக்கினான். தொடர்பு எண், போட்டோ, இருக்கிற இடம்னு மூணு அனுமதி கேட்டுச்சு. கொடுக்காம அடுத்த பக்கம் போகவே விடல. மூணையும் அமுக்கிட்டான்.

கேட்டது 5,000 ரூபாய். ஏதேதோ கட்டணம்னு பிடிச்சுக்கிட்டு கைக்கு வந்தது 3,200. ஏழு நாள்ல முழு 5,000-ஐயும் கட்டணும்.

எட்டாம் நாள் காலையில எனக்கு ஒரு போன். தெரியாத நம்பர், அரைகுறைத் தமிழ். "உங்க தம்பி பணம் வாங்கிட்டு ஓடிட்டான். நீங்கதான் ஜாமீன் கையெழுத்து. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள கட்டணும்." நான் எங்கயும் கையெழுத்து போடல. எவனோ ஏமாத்துறான்னு வச்சிட்டேன்.

மத்தியானத்துக்குள்ள ஊரே கலங்கிப் போச்சு. மேட்டுப்பாளையத்துல எங்க காய் எடுக்கிற மண்டிக்காரருக்கு போன். தம்பி தோட்டத்துல வேலை செஞ்ச பொம்பளைங்களுக்கு போன். ஊர்ப் பெரியவருக்கு போன். அவன் பள்ளிக்கூட வாத்தியாருக்கு போன். அவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருந்த வீட்டுக்கும் போன். சாயந்திரம் அவனோட போட்டோவுக்குக் கீழே 'திருடன்'னு எழுதி வாட்ஸாப்ல அனுப்பினாங்க. அந்தப் போட்டோ எங்க ஹெத்தையம்மன் பண்டிகையில, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமா நான் எடுத்தது. அவன் போன்ல இருந்தே எடுத்திருக்காங்க.

எங்க ஹட்டியில முப்பது நாப்பது வீடு. ஒருத்தருக்கு ஒருத்தர் எப்படியாவது சொந்தம். அங்க ஒருத்தன் மேல 'திருடன்'னு ஒரு சொல் விழுந்தா அது என்ன பண்ணும்னு நகரத்துல இருக்கிற உங்களுக்கு நான் எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல. யாரும் அவனை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பான்.

அன்னிக்கு ராத்திரி அவன் வீட்டுக்கு வரல. நானும் சித்தப்பாவும் டார்ச் எடுத்துக்கிட்டுத் தேடினோம். காட்டுமாடு நடமாடுற நேரம். கடைசியில கேத்தி ரயில் ஸ்டேஷன்ல பார்த்தோம். தண்டவாளத்துக்குப் பக்கத்துல, இருட்டுல, ஒத்தையா உக்காந்திருந்தான். கொரோனாவால மலை ரயில் ஓடாத மாசங்கள் அவை. "ரயில் ஓடாததே நல்லதாப் போச்சு"ன்னு எங்க சித்தி இன்னிக்கும் சொல்லும். அதுக்கு மேல அதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கம்பளியைப் போர்த்தி, சூடா காபி கொடுத்த பிறகு, எனக்கு அடக்கி வச்சிருந்த கோபம் வந்துச்சு.

"ஏண்டா, நீ வாங்கின கடனுக்கு என் நம்பரை ஏன் கொடுத்த?"

"நான் கொடுக்கலண்ணா. அதுவா எடுத்துக்கிச்சு."

அந்தப் பதிலை இன்னிக்கு வரைக்கும் என்னால மறக்க முடியல.

நானும் சித்தப்பாவும் சேர்ந்து பணத்தைக் கட்டினோம். கட்டின பிறகும் வேற வேற பேர்ல கொஞ்ச நாள் போன் வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு. அந்தச் சம்பந்தம் மட்டும் திரும்ப வரல. தம்பிக்கு 2023-ல வேற இடத்துல கல்யாணம் ஆகி, இப்ப ஒரு பெண் குழந்தை. நல்லா இருக்கான்.

இது எங்க ஊர்ல மட்டும் நடந்ததில்லன்னு பிறகுதான் தெரிஞ்சது. அதே வருஷக் கடைசியில தெலங்கானாவுல இந்த மாதிரி தொல்லை தாங்காம சில பேர் உயிரையே விட்டாங்க. 2021 ஜனவரி தொடக்கத்துல சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் பெங்களூரு வரைக்கும் போய் கடன் ஆப் நடத்தின கும்பலைப் பிடிச்சாங்க, அதுல ரெண்டு பேர் சீன நாட்டுக்காரங்க. அந்த மாசமே ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு போட்டுச்சு. 2021 ஜனவரி, பிப்ரவரி ரெண்டே மாசத்துல நம்ம நாட்டு ஆண்ட்ராய்டு போனுக்குக் கிடைச்ச கடன் ஆப் சுமார் 1,100, அதுல சுமார் 600 சட்டத்துக்குப் புறம்பானதுன்னு அந்தக் குழுவோட அறிக்கை சொல்லுது. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டு வந்தது: கடன் ஆப் எதுவும் தொடர்பு எண், கால் விவரம், போட்டோ இருக்கிற கோப்பு பக்கமே போகக் கூடாது. கூகுளும் 2023 மே 31-ல இருந்து தன் கடையில இருக்கிற தனிநபர் கடன் ஆப்களுக்கு அதே மாதிரி தடை போட்டது. நல்லதுதான். எங்களுக்கு மூணு வருஷம் தாமதம்.

கடன் ஆப் கதை பலருக்கும் தெரிஞ்சிருக்கும். நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது.

தம்பி மேல கோபப்பட்டேன் இல்லையா? அதுக்கு ஒரு வாரம் கழிச்சு, ஊட்டியில காலேஜ் படிச்ச என் மாமா பொண்ணு வந்திருந்துச்சு. "அண்ணா, உங்க போனைக் கொடுங்க"ன்னு வாங்கி, செட்டிங்ஸ் உள்ள போய் ஒரு பக்கத்தைக் காட்டிச்சு. என் போன்ல எந்தெந்த ஆப் எல்லாம் என் தொடர்பு எண்களைப் பார்க்கலாம்னு ஒரு வரிசை. நான் கடனே வாங்கல. ஆனா பதினொரு ஆப் இருந்துச்சு. வானிலை பாக்கிறது ஒண்ணு, காலண்டர் ஒண்ணு, போட்டோவுக்குப் பூ ஒட்டுறது ஒண்ணு. அப்புறம் டார்ச்.

டார்ச்! என் பழைய போன்ல டார்ச் பட்டன் கிடையாது. காட்டுமாடு பயத்துக்கு யாரோ இறக்கிக் கொடுத்த ஆப், போன் மாத்தும்போது அதுவும் கூடவே வந்திருக்கு. வெளிச்சம் போடுறதுக்கு என் மண்டிக்காரர் நம்பர் அதுக்கு எதுக்கு? நான் எங்க நிக்கிறேன்னு எதுக்குத் தெரியணும்? இருட்டுல நிக்கிறேன், அது தெரிஞ்சா போதாதா?

சிரிப்பா இருந்தாலும் இது புதுக் கதை இல்ல. 2013 டிசம்பர்ல அமெரிக்காவோட மத்திய வணிக ஆணையம் இதே மாதிரி ஒரு டார்ச் ஆப் மேல நடவடிக்கை எடுத்திருக்கு. பேரு 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்'. கோடிக்கணக்கான போன்கள்ல இருந்த இலவச ஆப். ஆள் எங்க இருக்காருன்னும், அந்த போனோட அடையாள எண்ணையும் விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. முதல்ல திறக்கும்போது 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'னு கேக்குமாம். ஆனா ஆள் எதையும் அமுக்கறதுக்கு முன்னாடியே தகவல் போக ஆரம்பிச்சிடும்னு ஆணையம் சொல்லிச்சு. கதவைத் தட்டிட்டு, நீங்க வந்து திறக்கறதுக்குள்ள பின்வாசல் வழியா உள்ள வந்தவன் கதைதான்.

எப்படி இது நடக்குதுன்னு மாமா பொண்ணு எனக்கு விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஒரு ஆப் செய்யறவங்க அதை முழுக்கத் தாங்களே செய்யறதில்ல. வீடு கட்டுற கொத்தனார் குழாய்க்கு ஒரு ஆள், கரண்டுக்கு ஒரு ஆள், கதவுக்கு ஒரு ஆள்னு கூட்டிட்டு வர்ற மாதிரி, விளம்பரம் காட்ட ஒரு தயார் பொட்டலம், மேப்புக்கு ஒண்ணு, எத்தனை பேர் பாக்கிறாங்கன்னு எண்ண ஒண்ணுன்னு வெளியில இருந்து வாங்கி உள்ள வைப்பாங்க. எஸ்டிகேன்னு சொல்றாங்க. நீங்க கொத்தனாரை நம்பி சாவி கொடுக்கிறீங்க. உள்ள வந்த ஒவ்வொருத்தனும் ஒரு சாவி அச்சு எடுத்துக்கிட்டா? அவன் பேரு கூட உங்களுக்குத் தெரியாது. சில சமயம் கொத்தனாருக்கே தெரியாது.

அப்புறம் விளம்பர எண்ணுன்னு ஒண்ணு. எங்க மாட்டுக்குக் கால்நடைத் துறையில இருந்து காதுல மஞ்சள் தோடு போட்டு விடுவாங்க, 12 இலக்க எண்ணோட. அந்த மாதிரி ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண். வேற வேற ஆப்ல இருந்து வர்ற துண்டு துண்டுத் தகவலை எல்லாம் இந்த எண்ணை வச்சு ஒரே ஆளுன்னு கோத்துடலாம். மாட்டுத் தோடு கண்ணுக்குத் தெரியும். நம்ம தோடு தெரியாது.

"அதுல என் பேரு இல்லையே, வெறும் எண்ணுதானே"ன்னு நான் கேட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு மேப்பை எடுத்துக் கேத்திப் பள்ளத்தாக்கைக் காட்டிச்சு. "ராத்திரி முழுக்க இந்த வீட்டுல இருக்கிற ஒரு புள்ளி, விடியறதுக்கு முன்னாடி இந்தத் தோட்டத்துக்குப் போகுது, காலையில பாலாடா கேரட் கழுவுற இடத்துக்குப் போகுது, மாசம் ஒரு தடவை குன்னூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகுது. இது யாருன்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளை கூடச் சொல்லிடாதா அண்ணா?" சொல்லிடும். நான்தான்.

2018 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரங்க இதையே செஞ்சு காட்டியிருக்காங்க. ஆப்கள் சேர்த்து வச்சிருந்த இடக்குறிப்புத் தகவல்ல பேரே இல்லாத ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்து, அது தினமும் வீட்டுல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போறதைப் பார்த்து, அது ஒரு கணக்கு டீச்சர்னு கண்டுபிடிச்சிட்டாங்க. அந்தம்மா டாக்டர்கிட்ட போனது வரைக்கும் அதுல இருந்துச்சு.

இதை நான் சொன்னா எங்க ஊர்ல பெரியவங்க சிரிக்கிறாங்க. "நம்மகிட்ட மறைக்க என்னடா இருக்கு? நாம என்ன திருடினோமா?" நகரத்துல இருக்கிற சில நண்பர்களும் இதையே வேற மாதிரி சொல்றாங்க. "கிராமத்துல ஏதுங்க ரகசியம்? அங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே?"

உண்மைதான். எங்க ஹட்டியில ரகசியம் நிக்காது. யார் வீட்டுல இன்னிக்கு என்ன குழம்பு, யார் மகன் பரீட்சையில கோட்டை விட்டான், யார் எந்த பேங்க்ல நகை வச்சாங்க, எல்லாம் தெரியும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. என்னைப் பத்தித் தெரிஞ்சவங்களைப் பத்தி எனக்கும் தெரியும். என் வீட்டு விஷயத்தைப் பேசறவர் வீட்டு விஷயம் என்கிட்டயும் இருக்கு, அதனால அவர் அளவாத்தான் பேசுவார். நாளைக்கு என் வீட்டுல ஒரு சாவு விழுந்தா முதல்ல வந்து நிக்கறதும் அவர்தான். எட்டாம் நாள் காலையில எனக்குப் போன் பண்ணினவனுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும். அவன் யாரு, எந்த ஊருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொண்ணு. விவசாயிக்கு மறைக்க எதுவும் இல்லன்னு சொல்றவங்க எங்களை சரியாப் பார்க்கலன்னு அர்த்தம். எங்க அப்பாகிட்ட மண்டி ஆள் வந்து "இந்தத் தடவை எத்தனை மூட்டை வரும்?"னு கேட்டா, "பார்க்கலாம், மழையைப் பொறுத்து"ம்பார். மூட்டைக் கணக்கு அவருக்கு மனசுக்குள்ள துல்லியமா இருக்கும். சொல்ல மாட்டார். வாங்கறவனுக்கு என் விளைச்சலும் என் கடனும் தெரிஞ்சுட்டா, விலையை அவன்தான் சொல்லுவான்.

சின்ன வயசுல அப்பா என்னைப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். கறவை மாடு வாங்க. சுத்தி ஆயிரம் பேர், ஒரே இரைச்சல். அப்பாவும் ஒரு தரகரும் எதிர் எதிரா நின்னு, கை ரெண்டையும் ஒரு துண்டுக்குள்ள விட்டுக்கிட்டாங்க. வாய் பேசல. விரலைப் பிடிக்கிறதும் விடறதுமா துண்டு மட்டும் அசையுது. அப்பா தலையை ஆட்டினார், இவர் சிரிச்சார், பேரம் முடிஞ்சது. நான் பஸ்ல வரும்போது கேட்டேன், "ஏம்ப்பா மூடி மூடிப் பேசினீங்க? தப்பான விஷயமா?"

"தப்பு என்னடா இருக்கு. விலை வாங்கறவனுக்கும் விக்கிறவனுக்கும் தெரிஞ்சா போதும். பக்கத்துல நிக்கறவனுக்கு எதுக்கு?"

அந்தரங்கம்ங்கிறது பணக்காரங்க விஷயம், படிச்சவங்க விஷயம்னு யாராவது சொன்னா எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும். உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல, ஒன்பது நீதிபதிகள் உக்காந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒருமனதாச் சொன்னாங்க. 2012-ல அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி. அப்பவே எண்பதைத் தாண்டினவர். ஆனா பொள்ளாச்சி சந்தையில அந்த உரிமை ஒரு துண்டு வடிவத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

தகவல் கேக்கறதே தப்புன்னு நான் சொல்லல. நீங்க ஊட்டிக்கு வண்டியில வர்றீங்கன்னா இ-பாஸ் எடுக்கிறீங்க. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து இருக்கிற ஏற்பாடு. வண்டி எண், எத்தனை பேர், எங்க தங்கறீங்கன்னு கேக்குறாங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்: இந்த மலை எத்தனை வண்டி தாங்கும்னு கணக்கு எடுக்க. 2025-ல தமிழ்நாடு முழுக்க விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் போட்டாங்க. நிலம், ஆதார் விவரம் எல்லாம் கேட்டாங்க. ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு காரணம். "இது எதுக்குங்க, யார்கிட்ட போகும்?"னு எதிர்ல நின்னு கேக்க முடியும். டார்ச் ஆப்புக்கு எதிர்ல நின்னு நான் யாரைக் கேக்கறது?

இப்ப சட்டமும் இருக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வந்தது, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதுல இருந்து 18 மாசம். எந்தத் தகவல், எதுக்காகன்னு தெளிவாச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கணும். அட்டவணையில இருக்கிற 22 மொழியில எதுல வேணும்னாலும் அதைப் படிக்க வழி இருக்கணும். தமிழ் இருக்கு, எங்க படுகு மொழி அதுல இல்ல. கொடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கறது, கொடுத்த அளவுக்கே சுலபமா இருக்கணும். தகவலைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கேள்வி ஒண்ணு அப்படியே நிக்குது. அன்னிக்கு 'அனுமதி'ன்னு அமுக்கினது என் தம்பி. போனது என் நம்பர். என்கிட்ட யார் கேட்டாங்க? மண்டிக்காரர்கிட்ட, வாத்தியார்கிட்ட, அந்தப் பொண்ணு வீட்டுல யார் கேட்டாங்க?

அன்னிக்குத்தான் இது எனக்கு உறைச்சது. என் போன்ல இருக்கிற 600 நம்பரும் என்னுது இல்ல. "தம்பி, இது என் நம்பர், வேலை இருந்தா கூப்பிடு"ன்னு நம்பிக் கொடுத்த 600 பேரோடது. அதை நான் ஒரு டார்ச்சுக்கும் ஒரு காலண்டருக்கும் தூக்கிக் கொடுத்திருக்கேன். தம்பி பணக் கஷ்டத்துல அமுக்கினான். நான் எந்தக் கஷ்டமும் இல்லாம அமுக்கினேன். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லன்னு சொல்ல எனக்கு உரிமை உண்டு. அடுத்தவங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்லன்னு சொல்ல நான் யாரு?

அந்த வாரமே செஞ்ச வேலைகளைச் சொல்றேன். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் உள்ள பிரைவசின்னு இருக்கும், அதுக்குள்ள பெர்மிஷன் மேனேஜர். சில போன்ல இடம் கொஞ்சம் மாறும், மேல தேடுற கட்டத்துல பெர்மிஷன்னு போட்டா வந்துடும். அங்க காண்டாக்ட்ஸைத் திறந்தா யார் யாருக்குக் கதவு திறந்திருக்குன்னு வரிசையா தெரியும். பேசறதுக்கும் மெசேஜுக்கும் வேணுங்கிறதைத் தவிர மத்த எல்லாத்தையும் சாத்துங்க. லொகேஷன்லயும் இதே மாதிரி, 'பயன்படுத்தும்போது மட்டும்'னு வச்சா போதும். வானிலை ஆப்புக்கு 'கேத்தி'ன்னு ஊர் பேரை டைப் பண்ணினாலே மழை வருமான்னு சொல்லிடும், நான் எந்த வரப்புல நிக்கிறேன்னு அதுக்கு வேண்டியதில்ல. கூகுள் செட்டிங்ஸ்ல ஆட்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அங்க அந்த விளம்பர எண்ணை இப்ப அழிச்சிடலாம். தோட்டைக் கழட்டின மாதிரி. ஆறு மாசமாத் தொடாத ஆப்பைத் தூக்கிடுங்க.

கடன் அவசரம்னா, அந்த ஆப் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்துல போட்டிருக்கிற பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. 2025 ஜூலையில இருந்து அந்தப் பட்டியல் இருக்கு. யாராவது மிரட்டினா பணம் கட்டறதுக்கு முன்னாடி 1930-க்கு போன் பண்ணுங்க, சைபர் குற்றத்துக்கான எண். எங்களுக்கு அன்னிக்கு இது தெரியல. அதை விட முக்கியம், அந்த வீட்டுப் பையனைத் தனியா விடாதீங்க.

இதெல்லாம் செஞ்சாலும் ஏற்கனவே போனது போனதுதான். பிடுங்கின கேரட்டைத் திரும்ப மண்ணுல நட முடியாது. இனிமே போறதைத்தான் நிறுத்த முடியும்.

வரப்புக்கு வர்றேன். அக்காகிட்ட இவ்வளவும் சொல்லல. "அக்கா, இந்த ஆப்பு உங்க போன்ல இருக்கிற எல்லார் நம்பரையும் கேக்குது. மக நம்பர், பேத்தி ஸ்கூல் நம்பர், எங்க நம்பர், எல்லாம். கொடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

டீ டம்ளரைக் கீழே வச்சாங்க. கொஞ்ச நேரம் போனையே பார்த்தாங்க.

"ஜாதகம் பாக்கிறவரு கூட பொறந்த நேரம் மட்டுந்தானே கேப்பாரு? என் மக நம்பரு இவனுக்கு எதுக்கு?"

'அனுமதிக்க வேண்டாம்'ங்கிறதை அவங்களே அமுக்கினாங்க. ராசிபலன் வந்துச்சு, நம்பர் இல்லாமலே. அன்னிக்கு அவங்க ராசிக்குப் பண வரவுன்னு போட்டிருந்தது.

"பாரு, சரியாத்தான் சொல்றான். இன்னிக்குக் கூலி நாளு"ன்னு சிரிச்சுக்கிட்டே எழுந்து, மீதிப் பாத்திக்குப் போனாங்க.